நம்ம ஊர் முதலாளி: யாருக்கு நிழல், யாருக்கு வெயில்?

வாசகர் கேள்வி–பதில்

நிறுவனத் தலைவர்களுக்கும் அவர்கள் வாழும் ஊருக்கும் உள்ள உறவு ஊழியர்களை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து எட்டை எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் எம்.டி. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். பள்ளி நிர்வாகக் குழு, மருத்துவமனை அறக்கட்டளை எல்லாவற்றிலும் இருக்கிறார். இப்போது ஆர்டர் குறைந்துவிட்டது. “நம்ம ஊர் ஆட்களை அவர் கைவிட மாட்டார்” என்று உடன் வேலை செய்பவர்கள் தைரியமாக இருக்கிறார்கள். நம்பலாமா?

பாதி நம்பலாம்.

அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து ஸ்காட் யாங்கர் 2017இல் வெளியிட்ட முடிவு உங்கள் நண்பர்கள் பக்கம் நிற்கிறது. ஒரு தொழில்துறையே நெருக்கடியில் மாட்டும்போது, தலைமை நிர்வாகி சிறுவயதில் வளர்ந்த இடத்துக்கு அருகிலுள்ள கிளைகளில் ஆட்குறைப்பும் சம்பளக் குறைப்பும் அதே நிறுவனத்தின் மற்ற கிளைகளைவிடக் குறைவாக இருந்தன. அந்தக் கிளைகளை விற்றுவிடுவதும் குறைவு. 2009இல் லாண்டியே, நாயர், உல்ஃப் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்விலும் தலைமையகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரிவுகளில் ஆட்களை நீக்குவது குறைவு என்று தெரிந்தது. ஆனால் தலைமையகம் மக்கள்தொகை குறைந்த மாவட்டத்தில் இருந்தால் மட்டுமே அந்தப் பாதுகாப்பு தென்பட்டது. பெரிய நகரத்தில் யார் யாரை நீக்கினார் என்று ஊருக்குத் தெரியாது. சிறிய ஊரில், நேற்று வேலையை இழந்தவரின் மனைவிக்கு எதிரே நாளைக்குப் பள்ளிக் கூட்டத்தில் உட்கார வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்துக்கு நிர்வாகத்தில் பெரிய பலம் உண்டு.

இனி மறுபாதி. விரும்புவது வேறு, முடிவது வேறு. உங்கள் எம்.டி.யின் நல்லெண்ணத்தை அளப்பதற்குப் பதிலாக மூன்று விஷயங்களை விசாரியுங்கள். ஆட்குறைப்பு உத்தரவில் கடைசிக் கையெழுத்து அவருடையதா, இயக்குநர் குழுவுடையதா, கடன் கொடுத்தவர்களின் சம்மதமும் வேண்டுமா? பங்குகளில் பாதிக்கு மேல் அவர் குடும்பத்திடம் இருக்கிறதா? ஒரு ஆர்டரும் வராவிட்டால் எத்தனை மாதச் சம்பளத்துக்குக் கையில் பணம் இருக்கிறது? முதல் இரண்டுக்கும் விடை சாதகமாக இருந்தும் மூன்றாவது இரண்டு மாதத்துக்குக் கீழே என்றால், ஊர்ப்பாசம் உங்களைக் காப்பாற்றாது.

இதற்குப் பலரும் அறிந்த உதாரணம் மாசசூசெட்ஸ் மாநிலத்து மால்டன் மில்ஸ் துணி ஆலை. 1995 டிசம்பரில் ஆலை தீப்பிடித்து எரிந்தது. உரிமையாளர் ஆரன் ஃபாயர்ஸ்டீன், ஆலையை வேறிடத்துக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே மறுபடி கட்டினார். வேலையில்லாமல் நின்ற தொழிலாளர்களுக்குத் தொடர்ந்து சம்பளம் கொடுத்தார். ஊரே கொண்டாடியது. கட்டியதில் ஏறிய கடனும் சந்தை மாற்றமும் சேர்ந்து 2001இல் நிறுவனம் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்க வேண்டிவந்தது. அவர் செய்தது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. மனசு இருந்தும் கணக்கு இடம் கொடுக்காத நிலை வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இன்னொரு ஆபத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஊர் முகத்துக்குப் பயப்படும் தலைவர் கெட்ட முடிவைத் தள்ளிப்போடுவார். இன்று 100 பேரில் 10 பேரோடு முடிந்திருக்கக்கூடியது, ஒன்றரை வருடம் கழித்து நிறுவனத்தையே மூடுவதில் முடியலாம். எனவே “யாரையும் நீக்காதீர்கள்” என்ற கோரிக்கையோடு நிற்காதீர்கள். ஆர்டர் எந்த அளவுக்கு இறங்கினால் வேலை நேரம் குறையும், எந்த அளவில் முறைவைத்து விடுப்பு வரும், அதற்கும் கீழே போனால் எந்த அடிப்படையில் ஆட்கள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள் என்று இப்போதே எழுதி வாங்குங்கள். ஆட்குறைப்புக்கான அளவுகோல்களை இயன்றவரை முன்கூட்டியே வகுக்க வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டுப் பரிந்துரையும் (எண் 166) சொல்கிறது.

அதற்கிடையே சில அறிகுறிகளைப் பாருங்கள்: காலியான இடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பது, ஓவர்டைம் நிற்பது, ஒப்பந்த ஆட்கள் சத்தமில்லாமல் குறைவது, சரக்கு கொடுப்பவர்களுக்கு 30 நாளில் போன பணம் 90 நாளாவது. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் பேச்சுவார்த்தையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: நாங்கள் தலைமையகத்திலிருந்து 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிளை. எங்கள் உற்பத்திதான் அதிகம். ஆனால் வெட்டு என்று வந்தால் முதலில் எங்கள் தலைதான் உருளுகிறது. ஏன்?

மேலே சொன்ன பாதுகாப்புக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் உங்களைப் போன்ற கிளைகள்தான். பிரான்சில் பசானினி, புருனெல்லோ, கரோலி ஆகியோர் செய்து 2017இல் வெளியான ஆய்வில், தலைமையகத்திலிருந்து தூரம் கூடக் கூட ஆட்களை நீக்குவதும் கூடியது. தலைமையகம் இருக்கும் ஊரில் சமூக அழுத்தம் வலுவாக இருந்தால் அந்த வித்தியாசம் இன்னும் பெரிதானது. அதாவது, அங்கே வெட்ட முடியாதது இங்கே வெட்டப்படுகிறது.

ஆனால் தூரம் என்பது கிலோமீட்டர் மட்டும் இல்லை. சேவியர் ஜிரூ 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. தலைமையகத்துக்கும் ஆலைக்கும் இடையே புதிய விமானத் தடம் வந்து பயண நேரம் குறைந்தபோது, அந்த ஆலையில் முதலீடு 8 முதல் 9 சதவீதம் கூடியது, உற்பத்தித் திறனும் ஓரளவு உயர்ந்தது. ஆலை இருந்த இடத்திலேயேதான் இருந்தது. மேலே இருப்பவர்கள் வந்து பார்ப்பது எளிதானது, அவ்வளவுதான்.

எனவே உங்கள் கிளை மேலாளர் செய்ய வேண்டிய முதல் வேலை, முடிவெடுப்பவர்களை வரவழைப்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அரை நாளாவது. வருபவரைக் கூட்ட அறையில் உட்காரவைத்துப் படம் காட்டி அனுப்பினால் பயன் இல்லை. இரண்டு மணி நேரம் உற்பத்தித் தளத்தில் நிற்கட்டும். ஐந்தாறு ஊழியர்கள் தங்கள் வேலையைத் தாங்களே விளக்கட்டும். மேற்பார்வையாளர் இடையில் புகுந்து பேச வேண்டாம். பெயரும் முகமும் மனதில் பதிந்த ஆளை நீக்குவது, பட்டியலில் 47ஆவது வரிசையாக இருக்கும் ஆளை நீக்குவதைவிடக் கடினம்.

அடுத்தது, வாய்வழியாக மட்டும் தெரிந்தவற்றை எழுத்தில் கொண்டுவருவது. “எங்கள் ஆட்கள் திறமைசாலிகள்” என்பது தலைமையகத்தில் யாருக்கும் காதில் ஏறாது. எந்த இயந்திரத்தை எத்தனை பேருக்கு ஓட்டத் தெரியும், புது ஆள் அந்த நிலைக்கு வர எத்தனை மாதம் ஆகும், எந்த வாடிக்கையாளர் இந்தக் கிளையில் தயாரான சரக்குதான் வேண்டும் என்று கேட்கிறார் ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, மாதா மாதம் திருத்தி அனுப்புங்கள். நெருக்கடி வந்த பிறகு அனுப்பும் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

உங்கள் ஊரின் பிரமுகர்களைக் கொண்டு அழுத்தம் கொடுக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். தலைமையகத்தில் இருப்பவருக்கு அந்தப் பிரமுகர்களை அன்றாடம் பார்க்கும் வாழ்க்கை இல்லாவிட்டால், அது மிரட்டலாகத்தான் போய்ச் சேரும்.

கேள்வி: உள்ளூர்க் குடும்ப நிறுவனத்தில் இருக்கிறேன். வெளியே போனால் 10 சதவீதம் அதிகம் கிடைக்கும். “இங்கே வேலை நிரந்தரம்” என்கிறார்கள். எதை எடுப்பது?

குறைந்த சம்பளமும் நிலையான வேலையும் சேர்ந்தே வருவது தற்செயல் இல்லை. பிரான்சின் பங்குச்சந்தையில் உள்ள குடும்ப நிறுவனங்களை ஆராய்ந்து ஸ்ரேர், தெஸ்மார் இருவரும் 2007இல் சொன்னது இதுதான்: வாரிசுகள் நடத்தும் நிறுவனங்கள் சம்பளம் குறைவாகக் கொடுக்கின்றன, ஆனால் விற்பனை சரிந்தாலும் ஆட்களை அவ்வளவாக நீக்குவதில்லை. ஊழியர்கள் ஒருவகையில் காப்பீட்டுப் பிரீமியம் கட்டுகிறார்கள். பிரீமியம் கட்டுபடியாகிறதா என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வெளி நிறுவனத்தில் ஒரு வருடத்தில் வேலை போகும் வாய்ப்பு 5 சதவீதம், இங்கே 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4 சதவீதம். வேலை போனால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்? வயது 27, எங்கும் செல்லுபடியாகும் திறமை, ஆறு மாதத்தில் அதே சம்பளத்துக்கு வேறு வேலை கிடைக்கும் என்றால் நஷ்டம் அரை வருடச் சம்பளம். 4 சதவீதத்தை அரையால் பெருக்கினால் வருடத்துக்கு 2 சதவீதம். அதற்காக 10 சதவீதம் விட்டுக்கொடுப்பது வீண்.

வயது 48, இருபது வருடம் ஒரே இயந்திரம், ஒரே இடம் என்றால் கதை மாறுகிறது. பென்சில்வேனியாவில் நீண்டகாலம் ஒரே நிறுவனத்தில் இருந்து வேலை இழந்தவர்களைப் பற்றி ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் மூவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பல வருடம் கழித்தும் அவர்கள் வருமானம் சராசரியாக வருடத்துக்கு 25 சதவீதம் குறைந்தே இருந்தது. பத்து வருடத்துக்கு 25 சதவீதம் என்றால் இரண்டரை வருடச் சம்பளம். வேலை தேடும் ஆறு மாதத்தையும் சேர்த்தால் மூன்று. 4 சதவீதம் பெருக்கல் மூன்று, 12 சதவீதம். இப்போது 10 சதவீதப் பிரீமியம் கட்டுபடியாகிறது.

கணக்கில் எளிதாகத் தவறும் இடம் அந்த “1 சதவீதம்”. அதை எம்.டி.யின் பேச்சிலிருந்து எடுக்காதீர்கள். கடந்த இரண்டு மந்தகாலங்களில் எத்தனை பேர் போனார்கள் என்று பழைய ஆட்களிடம் கேட்டு எடுங்கள். ஒப்பந்த ஊழியர்களையும் எண்ணிக்கையில் சேருங்கள். “நாங்கள் ஒருவரையும் நீக்கியதில்லை” என்று பெருமை பேசும் சில இடங்களில் நீக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஒப்பந்தத்தில் இருந்தவர்களே.

கேள்வி: நான் எச்.ஆர். பொறுப்பில் இருக்கிறேன். ஊரில் எம்.டி.க்குத் தெரியாத ஆளே இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று சிபாரிசுகள் வருகின்றன. மறுத்தால் அவருக்குச் சங்கடம், எடுத்தால் எனக்குத் தலைவலி. என்ன வழி?

சிபாரிசை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். தெரிந்தவர் மூலம் வரும் ஆளைப் பற்றி விண்ணப்பத்தில் இல்லாத விவரங்கள் கிடைக்கும் என்பதும் உண்மை. எம்.டி.யின் அலைபேசியில் வரும் சிபாரிசு அங்கேயே முடிவாகிவிடுவதுதான் பிரச்சினை. எல்லாச் சிபாரிசும் ஒரே வாசல் வழியாக வரட்டும்.

ஒரு பதிவேடு போடுங்கள். ஐந்து கட்டம் போதும்: தேதி, சொன்னவர், யாருக்காக, எந்த வேலை, முடிவு. ஒரு பதிவு இப்படி இருக்கும்: “மார்ச் 4. மருத்துவமனை அறக்கட்டளை உறுப்பினர், எம்.டி. வழியாக. அக்கா மகனுக்கு. ஸ்டோர்ஸ் உதவியாளர். எழுத்துத் தேர்வில் 50க்கு 21, தகுதி மதிப்பெண் 25. மார்ச் 15 கடிதம் அனுப்பப்பட்டது.” இந்தப் பதிவேட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்.டி. பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தன் பெயரில் எத்தனை வந்திருக்கின்றன என்று ஒரே பக்கத்தில் பார்க்கும்போது பல தலைவர்கள் தாங்களாகவே குறைத்துக்கொள்வார்கள்.

தேர்வுத்தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். நேர்காணலில் மூன்று பேர் இருக்கட்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கொடுத்த பிறகே பேச வேண்டும். முதலில் பேசிவிட்டுப் பிறகு மதிப்பெண் போட்டால், மூத்தவரின் மதிப்பெண்ணே மூன்று தாளிலும் இருக்கும். சிபாரிசு செய்தவரும் அவருக்குக் கீழே வேலை செய்பவரும் குழுவில் இருக்கக் கூடாது.

எம்.டி. சொல்ல வேண்டிய பதிலையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்: “விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லுங்க. முடிவு குழு கையில் இருக்கு. பதினைந்து நாளில் பதில் வந்துவிடும்.” அந்தப் பதினைந்து நாளை நீங்கள் தவறவிடக் கூடாது. பிரமுகர்கள் பெரும்பாலும் கோபப்படுவது ‘இல்லை’ என்ற பதிலுக்காக இல்லை, பதிலே வராததற்காக. நாள் தள்ளத் தள்ள அவர் மறுபடி கூப்பிடுவார், இரண்டாவது அழைப்பில் எம்.டி. வளைந்துவிடுவார்.

வேலைக்கு எடுத்த பிறகு கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரே குடும்பத்து ஆட்கள், ஒரே தெருக்காரர்கள் ஒரே ஷிப்டில் குவிந்தால் மூன்று கோளாறுகள் வரிசையாக வரும். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு நான்கு பேர் விடுப்பு கேட்பார்கள். ஒருவர் செய்த தவறை மற்றவர் மறைப்பார். பழுதான சரக்கு கடைசிப் பரிசோதனையில்தான் வெளிப்படும். மேற்பார்வையாளர் கண்டித்தால் பிரச்சினை ஊருக்குள் போய் எம்.டி. வீட்டு வாசலில் நிற்கும். ஆகவே உறவினர் ஒருவருக்கு இன்னொருவர் மேற்பார்வையாளர் ஆகக் கூடாது, ஒரே பிரிவில் இருவருக்கு மேல் கூடாது என்று பணி நியமன விதியிலேயே எழுதிவிடுங்கள்.

சிபாரிசு இல்லாத ஊழியர்கள் ஒன்றை மட்டும் உற்றுப் பார்ப்பார்கள்: பதவி உயர்வுப் பட்டியல். தொடர்ந்து மூன்று உயர்வு உள்வட்டத்துக்கே போனால், திறமையான வெளியூர்க்காரர்கள் சத்தம் போடாமல் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். மதம், அரசியல் கருத்து, சமூகப் பின்னணி போன்றவற்றை வைத்து வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை (எண் 111) 1958லிருந்தே இருக்கிறது. “நம்ம ஆள்” என்ற சொல் சில இடங்களில் இவற்றுக்கான மறைசொல்லாகிவிடுகிறது என்பதை எச்.ஆர். மறக்கக் கூடாது.

கேள்வி: எம்.டி. தலைவராக இருக்கும் சங்கத்தின் சேவைப் பணிக்கு விடுமுறை நாட்களில் எங்களையும் அழைக்கிறார்கள். போகாவிட்டால் முகம் சுளிக்கிறார்கள். சம்பளத்திலும் நன்கொடை பிடிக்கிறார்கள். இது சரியா?

பிடித்தத்திலிருந்து தொடங்குவோம். சம்பளப் பாதுகாப்பு குறித்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 95) சொல்வது: நாட்டின் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ அனுமதித்த நிபந்தனைகளின்படிதான் சம்பளத்தில் கை வைக்கலாம், தன் சம்பளத்தை எப்படிச் செலவிடுவது என்ற ஊழியரின் சுதந்திரத்தை முதலாளி எந்த வகையிலும் கட்டுப்படுத்தக் கூடாது. உங்கள் நாடு இதை ஏற்றிருக்கிறதா, உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தொழிலாளர் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் “இதரப் பிடித்தம்” என்று போட்டிருந்தால் முதலில் அதைப் பிரித்துக் காட்டும்படி எழுத்தில் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அந்தக் கடிதத்திலேயே தீர்ந்துவிடலாம். நன்கொடை என்று அச்சிட்டுக் கொடுக்கக் கணக்குப் பிரிவு தயங்கும்.

முறையான நன்கொடைப் படிவத்தில் தொகைக்கான இடம் காலியாக இருக்கும். ஊழியரே எண்ணை எழுதுவார். அடுத்த மாதமே நிறுத்தலாம் என்ற வரி இருக்கும். கொடுத்தவர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படாது.

சேவைப் பணிக்கு அமெரிக்க மத்திய விதி ஒன்று நல்ல அளவுகோல். முதலாளி கேட்டுக்கொண்டோ, அவர் கட்டுப்பாட்டிலோ செய்யும் பொதுச்சேவை வேலை நேரமாகக் கணக்கிடப்படும். வழக்கமான நேரத்துக்கு வெளியே ஊழியர் தாமாக விரும்பிச் செய்தால் கணக்கில் வராது. எந்த நாட்டில் இருந்தாலும் இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பேசலாம். வருடத்துக்கு இரண்டு நாள், அதாவது 16 மணி நேரம், சம்பளத்தோடு சேவைக்கு ஒதுக்குங்கள் என்று கேளுங்கள். எந்த அமைப்புக்குப் போவது என்பதை ஊழியரே தேர்ந்தெடுக்கட்டும். எம்.டி.யின் சங்கமும் பட்டியலில் ஒன்றாக இருக்கலாம். வந்தவர் பட்டியல் சேவை அமைப்பிடம் இருக்கட்டும், உங்கள் மேலாளரிடம் வேண்டாம். அவர் கைக்குப் போனால் வருட மதிப்பீட்டில் எதிரொலிக்கும்.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் நடக்கும் சீண்டலும் வேலையிடத்துச் சீண்டல்தான். வேலை தொடர்பான பயணம், நிகழ்ச்சி, கூடுகை எல்லாவற்றையும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 190) சேர்த்தே சொல்கிறது. “அது ஆபீசுக்கு வெளியே நடந்தது” என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

கேள்வி: என் மேலாளர் எம்.டி.யின் பால்ய நண்பர். அவர் மீது புகார் இருக்கிறது. எம்.டி. ஊரில் எல்லாருக்கும் வேண்டியவர். யாரிடம் போவது?

ஊரோடு இழைந்த தலைவர் இருக்கும் இடத்தில் ஊழியருக்கு மிகப் பெரிய இழப்பு இதுதான். சம்பளக் குறைவைவிடப் பெரிது என்பது எங்கள் கருத்து. புகார் கொடுத்தால் வேலை மட்டும் ஆபத்தில் இல்லை; பிள்ளையின் பள்ளி, வாடகை வீடு, துணைவரின் வேலை எல்லாம் அதே வட்டத்துக்குள் இருக்கும். அதனால் புகாரே வராது. புகார் வராததை நிர்வாகம் “எங்களிடம் பிரச்சினை இல்லை” என்று படித்துக்கொள்ளும்.

நீங்கள் செய்யக்கூடியது: சம்பவம் நடந்த அன்றே தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள், உடன் இருந்தவர்கள் என்று எழுதிவையுங்கள். அலுவலகக் கணினியில் வேண்டாம், சொந்தக் குறிப்பேட்டில். கடைசி இரண்டு வருட மதிப்பீட்டுத் தாள்களின் நகல் கையில் இருக்கட்டும். புகாருக்குப் பிறகு திடீரென்று “திறமை போதவில்லை” என்று வந்தால் அவைதான் பேசும். எம்.டி.யிடம் தனியாகப் போய் வாய்மொழியாகச் சொல்வதைத் தவிருங்கள். அவர் நண்பரைக் கூப்பிட்டு “என்னப்பா இது” என்று கேட்பார், அத்துடன் உங்கள் பெயர் வெளியே வந்துவிடும். சட்டப்படி இருக்கும் புகார்க் குழுவுக்கோ, இயக்குநர் குழுவின் தணிக்கைப் பிரிவுக்கோ எழுத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தொழிற்சங்கம் இருந்தால் நகல் அங்கே போகட்டும். இவை எதுவும் இல்லாத சிறு நிறுவனம் என்றால் தொழிலாளர் துறைதான் வழி.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. விசாரணைக் குழுவில் வெளியாள் ஒருவர் வேண்டும், அவர் எம்.டி. உட்காரும் எந்தக் குழுவிலும் உட்காராதவராக இருக்க வேண்டும். நட்பு இருப்பவர் விலகிக்கொண்டதைக் குறிப்பில் பதிய வேண்டும். புகார் கொடுத்தவரின் ஷிப்ட் மாற்றம், ஓவர்டைம், மறுக்கப்பட்ட விடுப்பு மூன்றையும் ஆறு மாதம் தனியாகக் கவனியுங்கள். பழிவாங்குதல் பணிநீக்கமாக வருவது அரிது, இந்த மூன்று வழியாகத்தான் வரும்.

கேள்வி: நிறுவனமே குறைந்த வாடகைக்கு வீடு தருகிறது. ஏற்கலாமா?

வேலை போனால் எத்தனை நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு ஏற்கவும். 30 நாளுக்குக் குறைவு என்றால் யோசியுங்கள். வாடகை எப்படி மாறும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். சிகாகோ அருகே ரயில் பெட்டி செய்யும் நிறுவனத்துக்காக ஜார்ஜ் புல்மன் ஒரு முழு ஊரையே கட்டினார். 1893 நெருக்கடியில் சம்பளத்தைச் சுமார் கால்பங்கு வெட்டிய அவர் வாடகையைக் குறைக்கவில்லை. 1894 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்து நாடு முழுக்க ரயில் போக்குவரத்தைப் பாதித்தது. 1898இல் இலினாய் மாநில உச்ச நீதிமன்றம், தொழிலுக்குத் தேவையில்லாத ஊர்ச் சொத்துகளை நிறுவனம் விற்றுவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சம்பளம் கொடுப்பவரும் வாடகை வாங்குபவரும் ஒருவரே என்றால், ஒன்று குறையும்போது மற்றதும் குறையும் என்று எழுதி வாங்குவது அவசியம்.

கேள்வி: இருபது வருடம் இருந்த உள்ளூர்த் தலைவர் ஓய்வு பெறுகிறார். வெளியூரிலிருந்து புதியவர் வருகிறார். நாங்கள் என்ன செய்துவைக்க வேண்டும்?

வெளியூர்க்காரர் என்பதால் பயப்பட வேண்டாம். உள்வட்டத்தில் இல்லாத ஊழியர்களுக்கு அவர் வருகை நல்ல செய்தியாகவும் அமையலாம். புகார்ப் பெட்டி முதல்முறையாகத் திறக்கப்படலாம். பழையவரோடு சேர்ந்து வெளியேறுவது எழுதப்படாத வழக்கங்கள். குடும்பத்தில் மரணம் என்றால் கொடுக்கும் ஐந்து நாள் விடுப்பு, பிள்ளையின் கல்விக்கு வட்டியில்லா முன்பணம், முதுகுவலி வந்தவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை, பள்ளி விடும் நேரத்தில் அரை மணி அனுமதி. இதெல்லாம் எந்த விதிப்புத்தகத்திலும் இருக்காது. புதியவர் கேட்கும் முதல் கேள்வி, “இதற்கு என்ன ஆதாரம்?”

பழையவர் நாற்காலியில் இருக்கும்போதே பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவர் பழைய ஆள், ஒருவர் வந்து மூன்று வருடத்துக்குள் ஆனவர். இருவருக்கும் கிடைத்திருந்தால் அது வழக்கம். ஒருவருக்கு மட்டும் என்றால் தனிச்சலுகை, அதைப் பட்டியலில் சேர்த்தால் மொத்தப் பட்டியலின் மதிப்பும் குறையும். கடந்த மூன்று வருடத்தில் எத்தனை முறை கொடுக்கப்பட்டது, செலவு எவ்வளவு என்று எழுதுங்கள். செலவு தெரியாத சலுகைதான் முதலில் வெட்டப்படும். பட்டியலைப் பழையவரின் கையெழுத்தோடு சுற்றறிக்கையாக வெளியிடச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் போட்ட கையெழுத்தைப் புதியவர் சந்தேகத்தோடு பார்ப்பார் என்பதால், குறைந்தது இரண்டு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள்.